அவள் கையில் அவன் பிளாஸ்திரி

வேன் ஓட்டுகிற ஆள் முழுக்கைச் சட்டை போடுவது கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும்தான். வேல்பாண்டி இன்று ஆஸ்பத்திரிக்குப் போட்டிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி. மாடியில் கடைசி அறை. டாக்டர் ஜெபா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேல்பாண்டி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காலாவதியான, செத்த பிளாஸ்திரி. உயிருள்ளது அவன் மனைவி செல்வலட்சுமியின் கையில் இருந்தது.

இங்கே வந்து சேர்ந்த கதை நீளமில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேன் ஓட்டுகிறவன் வேல்பாண்டி. ஷிப்ட் முடிந்த பெண்களைக் கூட்டிப்போய் ஊரில் விடுவது வேலை. ஒரு மதியம் கண் இருட்டிப் பாலத்துச் சுவரில் வண்டியை உரசிவிட்டான். சர்க்கரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் ஸ்டியரிங் பிடித்ததால் வந்த வினை. அழகுத்தாய் என்பவளுக்கு நெற்றியில் தையல் விழுந்தது. மேனேஜர் சாவியை வாங்கித் தன் அறை ஆணியில் மாட்டினார்.

"ஓட்டுற நேரத்துல ஒனக்குச் சர்க்கரை இறங்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். சாவியை எடுத்துக்கோ. அதுவரைக்கும் பேல் இறக்கு."

பஞ்சுப் பேல் இறக்குகிற வேலை இருபது வயதுக்காரன் வேலை. நாற்பத்தெட்டு வயதில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் சொல்ல மாட்டார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மகள் கல்பனா இந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள். புதுசாக ஒரு பிளாஸ்திரியைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவள்தான் அப்பாவைச் சேர்த்துவிட்டாள். தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி ஊசிகள். ரத்தம் வராது. தோலுக்கு அடியில் இருக்கும் நீரைத் தொட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கூடவே கொடுத்த ஒரு போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் போன் அதை ஆஸ்பத்திரித் திரைக்கும் அனுப்பிவிடும். சில நாளுக்கு ஒரு தடவை, வீட்டிலேயே பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தபோது, பேல் இறக்கும் நேரத்தில் அந்தப் போன் இரண்டு தடவை கத்தியது. சர்க்கரை இறங்குகிறது என்று. வேல்பாண்டி அதைப் பார்த்தான். இரண்டாவது பிளாஸ்திரியைச் செல்வலட்சுமியின் கையில் ஒட்டினான். போனை அவள் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டான். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அதுதான் அவன் கணக்கு.

"வலிக்குமா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"பூனை நாக்கால நக்குன மாதிரி இருக்கும்."

"பூனை என்னைய எப்ப நக்குச்சு, எனக்குத் தெரியறதுக்கு? சரி, ஒட்டுங்க. சாவி வந்தாச் சரி."

இப்போது டாக்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார்.

"ஓட்டுற நேரத்துல ஒரு தடவைகூட இறங்கலை. மொத பிளாஸ்திரியில ரெண்டு தடவை இறங்கிச்சு. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன், கேட்டிருக்கீங்க. சொன்ன பேச்சைக் கேக்குற பேஷண்ட் எனக்கு அபூர்வம்."

"சரிங்க மேடம்."

"கையைக் காட்டுங்க. அரிப்பு கிரிப்பு இருக்கா?"

வேல்பாண்டி சட்டையைச் சுருட்டிச் செத்த பிளாஸ்திரியைக் காட்டினான். டாக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"மில்லுக்கு லெட்டர் தாரேன். ஆனா ஒண்ணு. ராத்திரி ரொம்ப ஏறுது. முந்நூறு வரைக்கும் போகுது. மாத்திரையைக் கூட்டணும்."

வேல்பாண்டி நிமிர்ந்தான். "யாருக்கு மேடம்?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. வாயைத் திறந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். டாக்டர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா முனை நகர்வதைப் பார்த்தபடி அவன் வாயைத் திறக்காமல் இருந்தான்.

வெளியே கல்பனா காத்திருந்தாள். அப்பாவின் ஃபைலை அவள் தொடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"குடுத்துட்டாங்களாப்பா?"

"குடுத்துட்டாக."

"அம்மாட்ட மொதல்ல சொல்லுங்க. சந்தோஷப்படும்."

"அங்கதான் போறேன்," என்றான் வேல்பாண்டி. அவள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினான்.

*

சத்திரப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட். தறிச் சத்தம் தெருமுனைக்கே வந்து வரவேற்கும். எந்தெந்த ஊர்ப் புண்ணுக்கோ இங்கே துணி நெய்து, வெளுத்து, மடித்து, கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். செல்வலட்சுமிக்கு மடிக்கிற வேலை. அவள் மடித்த துணியில் ஓரம் ஒரு நூல் பிசகாது. சூப்பர்வைசர்கூட அவள் கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் கேட்டுக்கு வந்தாள். வலது காலைச் சற்று இழுத்து நடந்தாள்.

"கால்ல என்ன?"

"செருப்பு கடிச்சிருச்சு. லெட்டர் என்னாச்சு, அதச் சொல்லுங்க மொதல்ல."

வேல்பாண்டி சட்டைப் பையிலிருந்து லெட்டரை எடுத்துக் காட்டினான். அவள் அதைத் தொடவில்லை. கையில் பஞ்சுத் தூசி. ஆனால் முகம் விரிந்துவிட்டது.

"பாத்தீகளா? என் ஒடம்பு பாஸ் பண்ணிருச்சு!"

"பாஸ் பண்ணல ஏட்டி."

"பொறவு?"

"கீழ இறங்கல. அதுக்குத்தான் லெட்டர். மேல ஏறுது. ராத்திரி முந்நூறு."

"முந்நூறுன்னா?"

"சர்க்கரை. ஒனக்கு."

தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல அவள் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எனக்கா? டீக்கு அரைக் கரண்டி சீனிதான போடுதேன். நீங்க போடுத சீனிக்கு எனக்கு எப்படி வரும்?"

"கேலி பண்ணாத. இந்தா." மருந்துக் கடைக் கவரைப் பிரித்தான். "இதப் போடு."

"இது ஒங்களுக்கு எழுதுனதுல்லா?"

"அவிய பாத்தது யாரு சர்க்கரைய? ஒன் சர்க்கரைய. எழுதுனது அந்தச் சர்க்கரைக்கு. அப்ப மாத்திரை யாருது?"

அவள் யோசித்தாள். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு செருப்பை இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள், ஒரு போர்வையை மூன்று பேர் போர்த்தியிருக்கிறார்கள். ஒரு மருந்துச் சீட்டு இரண்டு பேருக்கு ஆகாது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

டாக்டர் ஒரு வேளைக்கு ஒன்றுதான் எழுதியிருந்தார். இத்தனை நாள் போடாமல் விட்டதற்கும் சேர்த்து இருக்கட்டும் என்று வேல்பாண்டி இரண்டு எடுத்துக் கொடுத்தான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு ஆச்சு."

ஆகவில்லை. வெள்ளிக்கிழமை அவள் ஒருபொழுது இருப்பாள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் சோறு. கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறாள். வேல்பாண்டிக்கு அது தெரியாதது இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலும் அவன் தட்டில் இட்லி விழுந்துவிடும். அவள் தட்டில் விழவில்லை என்பது அவன் நினைவுக்கு வர வேண்டிய அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை. விரதம் என்று சொன்னால் 'பூசாரி மாதிரி பேசாத' என்று வைவான் என்பதால் அவளும் சொல்வதில்லை.

இரண்டு மாத்திரையையும் பாட்டில் தண்ணீரில் விழுங்கினாள். தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.

"எம்புட்டுத் தண்ணி குடிக்கிற?"

"சூடு. கொஞ்ச நாளா இப்படித்தான் தாகமா எடுக்குது. நீங்க போங்க. சாவிய வாங்கிட்டு ஒரு தடவை இந்தப் பக்கம் ஹாரன் அடிச்சிட்டுப் போங்க. நான் உள்ள இருந்து கேட்டுக்கிடுதேன்."

"தறிச் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

"நம்ம வண்டி ஹாரன் எனக்குக் கேக்கும்."

*

மேனேஜர் லெட்டரை இரண்டு முறை படித்தார். கையைக் காட்டச் சொன்னார். வேல்பாண்டி அங்கேயும் சட்டையைச் சுருட்டினான். கூலிப் பட்டுவாடா விஷயமாக வந்து நின்ற அழகுத்தாயும் அந்தச் சதுரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஊசி இருக்காண்ணே?"

"இருக்கு தாயி."

"எனக்குத் தலையில போட்ட ஊசி மாதிரி இருக்காதுல்ல?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். "இன்னொரு தடவை வண்டியில எதாச்சும் ஆச்சு, சாவி மட்டுமில்ல, இந்தக் கேட்டே கிடையாது பாத்துக்க."

இத்தனை நாள் வேனை ஓட்டிக்கொண்டிருந்த ராம்கி, சேத்தூர்ப் பையன், ஓரமாக நின்றான். அவனுக்கு இனி பேல். "ஓட்டுங்க மாமா. என் முதுகு எளசு, தாங்கும்," என்றான். சொன்ன விதத்தில் கேலியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. தலையில் பஞ்சு ஒட்டியபடி பெண்கள் ஏறினார்கள். அழகுத்தாய் டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அண்ணே, பாலம் வந்தா முன்னாடியே சொல்லிருங்க. தலையைக் கையில பிடிச்சுக்கிடுதேன்."

வண்டி முழுக்கச் சிரிப்பு.

"பாலத்தத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன் தாயி. லாரி வச்சு இழுத்துட்டாக."

"ஏட்டி, அண்ணன் சும்மா இல்லட்டி. டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வந்த டிரைவரு. நம்ம தலைக்கெல்லாம் கேரண்டி இருக்கு," என்றாள் பின்னால் ஒருத்தி.

வேல்பாண்டியும் சிரித்தான். ஸ்டியரிங் பழைய இடத்தில் கைக்கு அடங்கியது. இட்லி சாப்பிட்டிருக்கிறோம், பதினோரு மணிக்கு வடையும் சாப்பிட்டாயிற்று, மயக்கம் வராது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். டேஷ்போர்டில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. பாலத்தில் உரசிய அன்று அவன் வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தைப் போட்டது. ராம்கி அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறான்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஜெபா வார்டுக்குப் போயிருந்தார். "ஸ்கிரீனை மட்டும் பாத்துக்கோ" என்று கல்பனாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரையில் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு.

பதினேழாம் எண்ணின் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அது அப்பாவின் எண். தெரிந்துகொள்ளக் கூடாதுதான். ஆனால் சேர்த்துவிட்டவளே அவள். நூற்றைம்பதிலிருந்து நூற்றுக்குக் கீழே வந்து, எண்பதையும் தாண்டி, இன்னும் இறங்கியது.

அப்பா இப்போது வண்டியில் இருப்பார்.

பிளாஸ்திரியோடு கொடுத்த போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இறங்கும்போது அந்தப் போன் தானாகக் கத்தும். அதுவும் கத்தியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்தும் காதில் விழாத இடத்தில் இருக்கிறது என்றால், எங்கே?

இதற்கு முன் இப்படி இறங்கியிருக்கிறதா? டாக்டர் தொடாதே என்று சொன்ன ஃபைலைத் திறந்தாள்.

முதல் பிளாஸ்திரியின் கோடு அப்பாவுடையது. சந்தேகமில்லை. காலையில் இட்லிக்கு ஒரு மேடு, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேடு. எட்டு மணிக்கு டிவி முன்னால் அப்பாவும் அவளும் தட்டோடு உட்காருவார்கள். தினமும்.

இரண்டாவது பிளாஸ்திரியில் எட்டு மணிக்கு ஒன்றுமே இல்லை. கோடு படுத்துக் கிடந்தது. விடியுமுன் ஒரு சின்ன ஏற்றம். யாரோ ஒரு டீ குடித்திருக்கிறார்கள். அப்பா அந்த நேரத்தில் குறட்டை விடுவார். ராத்திரி பத்தரைக்கு மேல், வீடு அடங்கி, பாத்திரம் கழுவி முடிகிற நேரத்தில், கோடு மலை மாதிரி எழுந்து நின்றது. ஒவ்வொரு நாளும்.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் சாப்பிடுகிற ஆள் ஒருத்திதான்.

கல்பனா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா எப்போது சாப்பிடுகிறாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை. 'நீ சாப்பிடும்மா, நான் பொறவு சாப்பிடுதேன்' என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அந்தப் 'பொறவு' எப்போது என்று, கையில் ஒட்டிய ஒரு சின்னச் சதுரம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. சோற்றுப் பானையில் மிஞ்சியதை மொத்தமாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்திருக்கிறாள். அதனால்தான் அந்த மலை.

போன வெள்ளிக்கிழமையைத் திறந்தாள். பகல் முழுக்கத் தரை. விளக்கு வைத்த பிறகு ஒரு மேடு.

இன்றும் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அம்மா ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆனால் போன வாரம் கோடு தரையில் நின்றது. இன்று தரையை உடைத்துக்கொண்டு கீழே போகிறது. ஏன்?

டாக்டர் கூட்டி எழுதிய மாத்திரை நினைவுக்கு வந்தது. அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது. 'அங்கதான் போறேன்.'

அறுபத்தெட்டு.

அம்மாவின் சொந்தப் போன் வேலை நேரத்தில் யூனிட் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். ஆபீஸ் நம்பர் அவளிடம் இல்லை. கல்பனா அப்பாவுக்கு அடித்தாள்.

*

வேல்பாண்டி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தான். முதல் நாள், ஒழுங்காக இருக்க வேண்டும்.

"அப்பா, பிளாஸ்திரி யாரு கையில இருக்கு?"

அவன் கை சட்டைக்கு மேலேயே செத்த பிளாஸ்திரியைத் தடவியது.

"அப்பா, இறங்கிக்கிட்டே இருக்கு. ஒங்க கையில இருந்தா இப்பவே வண்டிய விட்டு இறங்குங்க. அம்மா கையில இருந்தா வண்டிய அங்க விடுங்க. எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க."

கண்ணாடியில் பெண்களைப் பார்த்தான். இருபது முகம். பாதித் தூக்கத்தில். இவர்களைக் கூட்டிக்கொண்டு பாதை மாறினால் மேனேஜருக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். ஏன் மாறினாய் என்பார். அதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் சாவி போகும். லெட்டர் பொய் என்றாகும். கேட்டும் போகும்.

"ரெண்டு மாத்திரை குடுத்தேன் கல்பனா," என்றான்.

"ரெண்டா? இன்னைக்கு வெள்ளிக்கிழமப்பா! அம்மா பச்சத் தண்ணிதான் குடிச்சிருக்கும்!"

அவன் போனை டேஷ்போர்டில் போட்டான். வண்டியைத் திருப்பினான்.

"அண்ணே, எங்க போறீக? எங்க ஊரு நேராப் போகணும்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"செத்த நேரம் தாயி."

"குழாய்ல தண்ணி விடுத நேரம்ண்ணே."

"செத்த நேரம்."

அழகுத்தாய் முன்னால் சாய்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு யாரும் பேசாதபடி கையமர்த்தினாள்.

யூனிட் கேட்டில் அவன் ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். செல்வலட்சுமி வெளியே வரவில்லை.

உள்ளே ஓடினான். மடித்து அடுக்கிய துணிக் கட்டுகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். நனைந்த துணிபோல வேர்த்திருந்தது. கை தானாக மடித்துக்கொண்டிருந்தது. மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. அவள் மடித்துக் கோணலாகி அவன் பார்த்ததில்லை.

"விரத மயக்கம்தான்," என்றார் சூப்பர்வைசர். "செத்தப் படுக்கச் சொன்னேன், கேக்க மாட்டேங்கா."

"ஏட்டி, செல்வம்!"

அவள் அவனைப் பார்த்தாள். யாரோ போலப் பார்த்தாள். "கட்டு முடியட்டும்," என்றாள். நாக்குக் குழறியது.

அழகுத்தாய் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். வண்டியிலிருந்த குளுக்கோஸ் பாக்கெட் அவள் கையில். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. பாலத்தில் உரசிய அன்று வேல்பாண்டி அதைக் குடித்துத் தெளிந்ததைப் பார்த்தவள். டம்ளரில் கரைத்து, செல்வலட்சுமியின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்து, வாயோரம் வைத்தாள்.

"விளக்கு வைக்கல," என்று முகத்தைத் திருப்பினாள் செல்வலட்சுமி.

"சாமிட்ட நான் பேசிக்கிடுதேன், குடிக்கா நீ."

ஒரு மிடறு. இன்னொன்று. சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து போன் கத்திக்கொண்டிருந்தது. தறிகள் அதை யாருக்கும் கேட்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தன. டம்ளர் காலியானது. இன்னொன்று கரைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் திரும்பி வந்தது.

"ஹாரன் கேட்டுச்சு," என்றாள் வேல்பாண்டியிடம்.

அவன் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அழகுத்தாய் அதைப் பார்த்தாள். ஜாக்கெட் கை மேலேறிய இடத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம்.

"அண்ணே. இது மேனேஜர் ரூம்ல நீங்க காட்டுனதுல்லா?"

வேல்பாண்டி தன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டான்.

"அப்ப ஒங்களுக்கு இறங்காதுன்னு எழுதுன லெட்டரு?"

"அது இவளுக்கு எழுதுனது."

"ஒங்களுக்கு?"

"எனக்கு இறங்கும் தாயி," என்றான். "ரெண்டு தடவை இறங்குச்சு."

அவள் கை நெற்றித் தழும்புக்குப் போனது. திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கையை நீட்டினாள்.

"சாவி."

அவன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ராம்கிய வரச் சொல்லுங்க. வண்டியில பிள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா. அவளக் கூட்டிட்டுத்தான் நீங்க இம்புட்டுத் தூரம் வந்தீக."

வேல்பாண்டி ராம்கிக்கு அடித்தான். அதை முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, மேனேஜருக்கும் அடித்தான்.

*

ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தபோது செல்வலட்சுமி தெளிந்திருந்தாள். அவமானமாகத்தான் இருந்தது அவளுக்கு. படியில் ஏற்றிவிட வந்த கல்பனாவிடம், "சும்மா கெறக்கம்தான். ஊரக் கூட்டிட்டாரு ஒங்கப்பா," என்றாள்.

கல்பனா அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பத்தரை மணியைப் பற்றி. கேட்கவில்லை. இப்போது கேட்டால் அது அம்மாவின் குற்றம் மாதிரி ஆகிவிடும்.

டாக்டர் ஜெபா வேல்பாண்டியை அதிக நேரம் பார்த்தார்.

"நான் உங்களுக்கு எழுதின மாத்திரை. இந்த மாதிரி ஒரு ஆளுக்கு, வெறும் வயித்துல, ரெண்டு. என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"இப்பத் தெரியும்."

"இப்பத்தான் தெரியும்."

"லெட்டரை நான் வாபஸ் வாங்கணும். மில்லுக்குப் பேசணும்."

"பேசிட்டேன் மேடம். நாளைக்குக் காலைல வந்து பாருன்னாரு. குரலு நல்லா இல்ல."

டாக்டர் கல்பனா பக்கம் திரும்பினார். "ஃபைலைத் திறந்தியா?"

"திறந்தேன் மேடம்."

"அதை நாளைக்குப் பேசுவோம்." அலமாரியிலிருந்து புதுப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து வேல்பாண்டி முன் வைத்தார். "சட்டையைக் கழட்டுங்க. இந்தத் தடவை நானே ஒட்டுறேன்."

வேல்பாண்டி முழுக்கைச் சட்டையைக் கழற்றினான். செத்த பிளாஸ்திரியை அவனே உரித்துக் குப்பைக் கூடையில் போட்டான். புதியது ஒட்டும்போது பல்லைக் கடித்தான்.

"பூனைதான நக்குது?" என்றாள் செல்வலட்சுமி பெஞ்சிலிருந்து. "அதுக்கு என்ன முகத்தச் சுளிக்கீக?"

கல்பனாவுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கும்கூட. அந்த அறையில் அன்று முதல் தடவையாக எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"உங்க கதைக்கு வருவோம்," என்று டாக்டர் அவள் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சர்க்கரைன்னு வந்துட்டா நான் கடைசியில பாக்குறது கால். காட்டுங்க."

செல்வலட்சுமி சேலையைக் கீழே இழுத்துவிட்டாள். "காலெல்லாம் வேண்டாம் மேடம். தூசி."

"காட்டுங்க."

"செருப்பு கடிச்சது. கட்டிருக்கேன்."

கட்டியிருந்தாள். வெள்ளை வெளேரென்ற துணி. ஓரம் ஒரு நூல் பிசகாமல், விரலைச் சுற்றி வந்து, பாதத்தில் குறுக்கே போய், கணுக்காலில் முடிச்சுக்கூடத் தெரியாமல் செருகியிருந்தது. யூனிட்டில் கழித்துப்போட்ட துணி. டாக்டர் ஒரு கணம் அந்தக் கட்டைப் பாராட்டுவதுபோல் பார்த்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார்.

பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு வெள்ளை மாறியது. அதற்குப் பிறகு வாடை வந்தது.

"எப்ப இருந்து இருக்கு?"

"ஆடிப்பூரத் தேருக்கு வந்தப்பக் கூட்டத்துல ஒரு மிதி விழுந்துச்சு மேடம். பொறவு செருப்பும் கடிச்சது."

அந்தத் தேருக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். வேல்பாண்டி புதுப் பிளாஸ்திரி ஒட்டிய கையை மடக்கிக்கொண்டு நின்றான். கல்பனா எண்ணிப் பார்த்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன அன்று, 'நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படிச் செத்த உக்காருதேன்' என்று அம்மா கடைவாசல் படியில் உட்கார்ந்தாள். அன்று கல்பனா சேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன.

டாக்டர் விரல் நுனியை மெல்ல அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்ல மேடம்." டாக்டர் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார். "இப்ப?"

"இல்லவே இல்ல. வலிச்சா வீட்டுல சொல்லிருப்பேன்லா," என்றாள் செல்வலட்சுமி. எல்லோருக்கும் நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்து, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடித்தார்.